விண்ணப்பதாரர் மேல் வழக்கு உண்டா

ராணுவ அகாதமியில் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்று கேட்கிறவர்கள் எல்லாரும் எழுத்துத் தேர்வைப் பற்றியே கேட்கிறார்கள். கணக்கு கடினமாக இருக்குமா, ஆங்கிலம் எவ்வளவு வேண்டும், தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா என்று. அதைத் தாண்டினால் சில நாள் தங்க வைத்து, பேச வைத்து, கயிற்றில் தொங்க வைத்துப் பார்க்கிற அதிகாரிகள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு மருத்துவர்கள். இவ்வளவும் முடிந்து ஊரே மாலை போட்டு இனிப்பு கொடுத்த பிறகு, கடைசியாக ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் வருவார். அந்தப் பிள்ளை எப்படிப்பட்டது, அதன் மேல் வழக்கு ஏதாவது உண்டா என்று விசாரித்து ஒரு பக்கம் எழுதி அனுப்புவார். அந்த ஒரு பக்கம் சரியில்லை என்றால் முன்னால் நடந்தது எல்லாம் வீண்.

அந்த மோட்டார் சைக்கிள் ஆளாகப் பல வருஷம் இருந்தவன் நான். சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றேன்.

போன மாதம், இப்போது அந்த வேலையைப் பார்க்கிற ஒரு இளம் காவலர் போன் செய்தார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துத் தாள் கட்டெல்லாம் இப்போது இல்லை. பெயரைக் கணினியில் போட்டதும், இருக்கிற வழக்கெல்லாம் வந்து நிற்கிறது.

"பாய் சார், மலையில ஒரு பையன் அகாதமிக்கு செலக்ட் ஆயிருக்கான். பேரைப் போட்டா ஒரு கேஸ் காட்டுது. அவனுக்கு சான்ஸ் இருக்குதா, இல்ல அவ்ளோதானா?" என்று கேட்டார்.

"முதல்ல போய் அந்தப் பையனைப் பாருங்க. அப்புறம் பேசுவோம்" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகு, முன்பு நான் விசாரித்த பவித்ரா என்ற பெண்ணின் ஞாபகமாகவே இருந்தது. அதை எழுதிக் கொடுத்தால் அவருக்கு உதவும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. அத்தா தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்தார். அண்ணன்களும் அதே தொழில். அந்த வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாததால் காவலர் தேர்வு எழுதினேன். பயிற்சிப் பள்ளியில் ஓடியதும் திட்டு வாங்கியதும் தவிர அதிகம் ஞாபகம் இல்லை. பிறகு போளூர், கலசப்பாக்கம் என்று அடிவாரத்திலேயே சுற்றிவிட்டு, கடைசியாக ஜவ்வாது மலை மேல் ஒரு நிலையத்துக்குப் போட்டார்கள். அங்கே போக யாருக்கும் விருப்பம் இருக்காது. எனக்குப் பிடித்திருந்தது. சாமை விளைகிற நேரத்தில் மலைச் சரிவைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டலாம்.

அங்கேதான் இன்ஸ்பெக்டர் தமயந்தியின் கீழ் வேலை செய்தேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. திருட்டு வழக்கில் பிடித்து வந்தவனிடமும் "உக்காருங்க, சாப்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். நாம் எழுதிய அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தால், பேனா மூடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து மெல்ல வாய்விட்டுப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் நிமிர்ந்து ஒரே கேள்வி கேட்பார்.

"இது நீங்க பார்த்ததா, பார்த்தவங்க சொன்னதா, இல்ல ஊர்ல பேசிக்கிறதா?"

பார்த்தது என்றால் விட்டுவிடுவார். பார்த்தவர் சொன்னது என்றால் அவர் பெயரை எழுதச் சொல்வார். ஊர்ப்பேச்சு என்றால் ஒரு கோடு விழும்.

நான் அவரிடம் கொடுத்த முதல் நன்னடத்தை அறிக்கை அடிவாரத்துப் பையன் ஒருவனைப் பற்றியது. ராணுவத்தில் சிப்பாயாகத் தேர்வானவன். "மனுதாரர் மதுப்பழக்கம் உள்ளவர் எனத் தெரிய வருகிறது" என்று எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சத்தியம் செய்து சொன்னது அது.

"அவர் பார்த்தாரா?" என்றார்.

"பக்கத்து வூட்டுக்காரரும்மா. தெரியாமயா சொல்வாரு?"

"அதைக் கேக்கல. பார்த்தாரான்னு கேட்டேன்."

மறுபடி கீழே இறங்கிப் போய்க் கேட்டேன். அவர் பார்க்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் வரப்புத் தகராறு இருந்தது. அதை வைத்துச் சொல்லியிருந்தார். அறிக்கையை மாற்றி எழுதிக்கொண்டு வந்து கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "பஸ் கிடைச்சுதா, வண்டியிலயே போனீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பையன் இப்போது எங்கேயோ எல்லையில் இருக்கிறான். அவனுக்கு இந்த விஷயம் தெரியாது.

பவித்ராவின் காகிதங்கள் வந்தது அதற்குக் கொஞ்ச காலம் கழித்து. அகாதமியில் பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்த புதிது. எங்கள் மலையிலிருந்து ஒரு பெண் தேர்வாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் நிலையத்தில் எல்லாருக்கும் ஒரே குஷி. மேல்நெல்லிக்காடு என்ற சின்ன ஊர். அப்பா வெள்ளையன், சாமையும் புளியும் வைத்துப் பிழைக்கிறவர். சேர வேண்டிய நாளுக்கு அதிக அவகாசம் இல்லை.

நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் கணினியில் பெயரைப் போட்டார். சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் மாறியது.

"பாய், இங்க வாங்க."

எங்கள் நிலையத்திலேயே ஒரு சாலை மறியல் வழக்கு. நானோ ரைட்டரோ இன்ஸ்பெக்டரோ அங்கே வருவதற்கு முன்னால் பதிவானது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் மூன்றாவது பெயர்: பவித்ரா, தகப்பனார் வெள்ளையன், வயது பத்தொன்பது. சாலையில் கற்களைப் போட்டு வழிமறித்தார் என்று இருந்தது. வழக்கு அப்படியே கிடந்தது. யாருக்கும் சம்மன் போகவில்லை.

"அந்தப் பொண்ணுக்கே தெரிஞ்சிருக்காது" என்றார் ரைட்டர். "கேஸ் எதுவும் இல்லன்னு எழுதி அனுப்பிடலாம். யாரு வந்து பார்க்கப் போறாங்க? மலையிலேருந்து ஒரு பொண்ணு போவுது. நாமளே தடுக்கணுமா?"

அவர் சொன்னது தப்பாகத் தோன்றவில்லை. ஆனாலும் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

பாதி தூரம் தார் ரோடு, அதற்கு மேல் புதிதாகப் போட்ட சிமெண்ட் பாதை. வீட்டு வாசலில் புளியைக் காயப் போட்டிருந்தார்கள். பவித்ராவின் அம்மா ராஜம்மாள் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வூட்டுக்காரர் இல்லீங்களா?" என்றேன்.

"அவுரு இல்லீங்க. காட்டுப் பக்கம் போய்க்கிறாரு. வர நேரமாவும்."

அவர் கண்ணைப் பார்த்ததும், வெள்ளையன் எங்கோ பக்கத்திலேயே இருக்கிறார், என் முன்னால் வரப் பயப்படுகிறார் என்று புரிந்தது. அவர் முன்பு ஒருமுறை மரம் வெட்டுகிற வேலை என்று நம்பி ஆந்திரப் பக்கம் போய், செம்மர வழக்கில் சிக்கி, ரொம்ப நாள் ஜெயிலில் இருந்தார். கடைசியில் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. மலையில் அப்படிப் போய் வந்தவர்கள் நிறைய. தன் முகத்தைப் போலீஸ் பார்த்தால் மகளுக்குக் கெடுதல் என்று அவர் நினைத்திருக்கிறார்.

பவித்ரா உள்ளேயிருந்து வந்தாள். ஒல்லியான பெண். வெயிலில் ஓடிக் கறுத்த முகம். வணக்கம் சொல்லிவிட்டு, நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

"சார், என் மேல ஒரு கேஸ் இருக்குதுன்னு ஊர்ல சொல்லிக்கினாங்க. நம்பர் எல்லாம் தெரியாது. அகாதமிக்கு அனுப்பின ஃபார்ம்ல எழுதிட்டேன்."

"இன்னான்னு எழுதின?"

"கேஸ் ஏதாவது இருக்குதான்னு கேட்டிருந்தாங்க. ஆமான்னு போட்டேன். ரோடு மறியல்ல உக்காந்தேன், பேரு எழுதிக்கினாங்கன்னு கேள்விப்பட்டேன்னு எழுதினேன்."

"யாராவது எழுதச் சொன்னாங்களா?"

"இல்ல சார். இல்லன்னு போடுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. ஆனா இன்டர்வியூலயே சொல்லிட்டேன். உன் வாழ்க்கையில கஷ்டமான நாள் எதுன்னு கேட்டாங்க. இதைத்தான் சொன்னேன். சுத்திச் சுத்தி நெறைய கேட்டாங்க. எல்லாத்துக்கும் நடந்ததைச் சொன்னேன். இப்ப ஃபார்ம்ல மாத்தி எழுதினா நான் யாருன்னே தெரியாமப் போய்டும்."

அந்தக் கஷ்டமான நாளை எனக்கும் சொன்னாள். அப்போது அவள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஊருக்கு அன்றைக்கு வண்டி வருகிற பாதை கிடையாது. பக்கத்து வீட்டு செல்விக்குப் பிரசவ வலி எடுத்து, போர்வையை மூங்கிலில் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தூக்கினவர்களில் பவித்ராவும் ஒருத்தி. தார் ரோட்டுக்கு வருவதற்குள் குழந்தை பிறந்தது. உயிர் இல்லை. மறுநாள் காலையில் ஊரே போய் ரோட்டில் கல்லைப் போட்டு உட்கார்ந்தது.

"ரோடு கேட்டுத்தான் சார் உக்காந்தோம். அப்புறம் போட்டாங்க. நீங்க வந்த பாதை அதான்" என்றாள்.

நிலையத்துக்குத் திரும்பி இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரைட்டரும் நின்றிருந்தார். வழக்கு இல்லை என்று எழுதுவதைப் பற்றி அவரே தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. "அந்தப் பொண்ணு கேஸ் இருக்குதுன்னு எழுதியிருக்கு. நாம இல்லன்னு எழுதினா யாரை நம்புவாங்க? ரெண்டு காகிதமும் ஒரே மேஜைக்குத்தான் போவும். நம்ம நல்ல மனசு அவளைக் கவுத்துடும்" என்றார்.

பிறகு முதல் தகவல் அறிக்கையை எடுத்து வரச் சொல்லி, வழக்கம் போல மெல்லப் படித்தார். வயது என்ற இடத்தில் நிறுத்தினார்.

"பத்தொன்பது. இது பார்த்ததா, கேட்டதா?"

"ஆளைப் பார்த்து உத்தேசமா எழுதியிருப்பாங்கம்மா."

"பிளஸ் ஒன் படிச்சான்னு நீங்க சொல்றீங்க. அப்ப பதினாறு. பதினாறு வயசுப் பொண்ணு மேல இந்த மாதிரி சின்ன விஷயத்துக்குக் கேஸே போட்டிருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துல பிறந்த தேதிக்குச் சான்று வாங்குங்க. சின்னப் பிள்ளைங்க கேஸைப் பார்க்கற இளைஞர் நீதிக் குழுமத்துக்கு நான் எழுதறேன். சிறு வயசுல நடந்தது பின்னால எந்த வேலைக்கும் படிப்புக்கும் தடையா இருக்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது." அடுத்த வரிக்குப் போனார். "கற்களைப் போட்டு வழிமறித்தார். இதைப் பார்த்தது யாரு? அதையும் விசாரிங்க."

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். "அவ அப்பா மேல ஒரு பழைய கேஸ் இருந்துச்சும்மா. விடுதலை ஆயிட்டாரு. அதை எழுதணுமா?"

"அகாதமியில சேரப்போறது அப்பாவா?" என்று கேட்டுவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

அடுத்த சில நாட்கள் அலைச்சல். பள்ளியில் சான்று சீக்கிரம் கிடைத்துவிட்டது. கல்லைப் போட்டதைப் பார்த்தவரைத் தேடுவதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த முதல் தகவல் அறிக்கையை எழுதிய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். போனில் பிடித்தேன். அந்தப் பெண்ணை அவருக்கு ஞாபகம் இருந்தது. "ரோட்டு நடுவுல பெரிய கல்லைத் தூக்கிக்கினு நின்னுச்சு பாய். முன்னால நின்னது அதுதான். அதான் பேரை எழுதினேன்" என்றார். அதே நேரத்தில் ரோட்டில் ஒரு ஆம்புலன்ஸ் நின்றிருந்தது என்றும் சொன்னார்.

அந்த ஆம்புலன்ஸை அன்று ஓட்டியவர் முருகேசன். இப்போது அமிர்தியில் சொந்தமாக வண்டி வைத்து ஓட்டுகிறார் என்று தெரிந்து, அங்கே போனேன். மரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பவித்ராவின் பெயரைச் சொன்னபோது அவருக்குத் தெரியவில்லை. கல் என்றதும் துணியைக் கீழே போட்டார்.

"அந்தப் பொண்ணா சார்? மறக்க முடியுமா? வேற ஊர்ல பாம்பு கடிச்ச ஆளை ஏத்திக்கினு வந்துக்கினு இருந்தேன். ரோடு பூரா கல்லு. எறங்கிக் கும்பிட்டேன். ஒருத்தரும் நவுரல. நேத்து எங்க ஊருக்கு வண்டி வந்துச்சா, இன்னிக்கி இன்னொருத்தனுக்கு மட்டும் எதுக்கு வழின்னு கேட்டாங்க. அவங்களைத் தப்பு சொல்ல முடியாது சார். ராவெல்லாம் அழுத மூஞ்சி."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணு எழுந்துச்சு. யாரோடவும் சண்டை போடல. நேத்து நாம எப்படி ஓடினோமோ அதே மாதிரிதான் உள்ள இருக்கற ஆளு பொண்டாட்டியும் ஓடி வந்திருக்கும்னு சொல்லிச்சு. சொல்லிட்டுக் குனிஞ்சு கல்லைத் தூக்க ஆரம்பிச்சிடுச்சு. ஒத்தையா ரெண்டு மூணு கல்லைத் தூக்கி ஓரத்துல போட்டுச்சு. அப்பதான் ஜீப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் ஊர்க்காரங்களே வந்து மீதியை எடுத்தாங்க. நான் போய்ட்டேன். அந்த ஆளு பொழைச்சிக்கினாரு சார்."

அவள் கையில் இருந்த கல்லைப் பார்த்துத்தான் பெயரை எழுதியிருக்கிறார்கள். அது வழியை மறிக்கத் தூக்கிய கல் இல்லை.

முருகேசனிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு, நேராக மேல்நெல்லிக்காட்டுக்கு வண்டியை விட்டேன். அவ்வளவு சந்தோஷமாக ஒரு விசாரணைக்கு நான் போனதில்லை. வழியெல்லாம் அறிக்கையை மனதுக்குள் எழுதிக்கொண்டே போனேன். விண்ணப்பதாரர் கற்களைப் போடவில்லை, அகற்றினார்.

பவித்ரா வாசலில் புளியை உடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "ஏம்மா இதை மொதல்லயே சொல்லல? நீ கல்லை எடுத்தவதானே, போட்டவ இல்லையே" என்றேன்.

அவள் கையிலிருந்த புளியை முறத்தில் வைத்தாள்.

"காலையில போட்டதும் நான்தான் சார்" என்றாள். "எல்லாரோடவும் சேர்ந்து நானும் தூக்கிப் போட்டேன். வண்டி வந்தப்ப எடுத்தேன். ரெண்டும் நான்தான்."

ராஜம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏண்டி, அவுரே எடுத்தன்னுதானே சொல்றாரு. அத்தோட விட்டா இன்னா?" என்றார்.

"விட்டா, ஊர்க்காரங்க மட்டும் போட்டாங்கன்னு ஆயிடும்மா. அவங்க பேரும் அந்தக் கேஸ்ல இருக்குது."

மனதுக்குள் எழுதி வைத்திருந்த அறிக்கை போயிற்று. ஆனால் எரிச்சல் வரவில்லை. அந்தப் பெண் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் போல இருந்தது. ராஜம்மாள் கொடுத்த கூழைக் குடித்துவிட்டு வந்தேன்.

இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டுப் பேனா மூடியை எடுத்து மறுபடி கீழே வைத்தார். சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"ரெண்டையும் எழுதுங்க" என்றார். "போட்டதை அவ சொன்னதா எழுதுங்க. எடுத்ததை டிரைவர் பார்த்ததா எழுதுங்க. நாம ஒண்ணும் சேர்க்க வேணாம், குறைக்கவும் வேணாம்."

குழுமத்தின் முன்னால் விஷயம் போக வேண்டும். அது எப்போது கூடும், இந்த வழக்கை எப்போது எடுக்கும் என்பது எங்கள் கையில் இல்லை. சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் போனில் கேட்கவில்லை. தானே மலையிலிருந்து இறங்கி, மாவட்டத் தலைநகருக்குப் போய், அலுவலக வராந்தாவில் மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, முறைப்படி மனு கொடுத்துவிட்டு வந்தார். அவசரம் ஏன் என்பதை மனுவிலேயே எழுதியிருந்தார். அந்த வாரமே எடுத்துக்கொண்டார்கள்.

அன்று பவித்ராவோடு நான் போனேன். சீருடையில் போக வேண்டாம், சாதாரண உடையில் போங்கள் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். சிறு வயதில் நடந்த விஷயத்துக்கு அப்படித்தான் போக வேண்டும். வெள்ளையனும் வந்தார். அப்போதுதான் அவரை முதல்முறையாகப் பார்த்தேன். கட்டையான மனிதர். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். போளூர் தாண்டிய பிறகு திரும்பி, "என்னால எதுவும் ஆவாதுங்களே பாய்?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க பேரே அதுல இல்ல. தகப்பனார்னு போடற எடத்துல மட்டும்தான் இருக்குது" என்றேன். அவர் அதை யோசித்துக்கொண்டே வந்தார்.

கோர்ட்டு மாதிரி மேடை எதுவும் இல்லை. ஒரு அறை, நீளமான மேஜை. நடுவில் நீதிபதி, நடுத்தர வயதுப் பெண்மணி. இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். பிறந்த தேதிச் சான்றைப் பார்த்தார்கள். முருகேசனின் வாக்குமூலத்தைப் படித்தார்கள். நீதிபதி பவித்ராவை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"ராணுவத்துல சேரப்போற. அங்க உத்தரவுக்குக் கீழ்ப்படியணும். நீ ரோட்டுல உக்காந்தவ. மறுபடி அந்த மாதிரி ஒரு நிலைமை வந்தா உக்காருவியா?"

மாட்டேன் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். வெள்ளையன் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பவித்ரா யோசித்தாள்.

"யூனிஃபார்ம் போட்டுக்கினா உக்கார மாட்டேன் மேடம். அது தப்புன்னு தெரியும். போய்ச் சேர்ற எடத்துல அதுக்கு வேற வழி இருக்கும், அதுல கேப்பேன்" என்றாள். "ஆனா அன்னிக்கி உக்காந்தது தப்புன்னு சொல்லச் சொன்னா வராது மேடம். அந்தக் குழந்தையை நான்தான் துணியில சுத்தினேன்."

பக்கத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப ரோடு வந்துடுச்சா?" என்றார் நீதிபதி.

"வந்துடுச்சு மேடம். போன மாசம் செல்வியக்காவுக்கு ஆஸ்பத்திரியில பொண்ணு பொறந்துச்சு. வண்டி வூட்டாண்டையே வந்துச்சு."

நீதிபதி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சம்பவத்தின்போது அவள் சிறுமி என்பதால் அவள் மேலுள்ள நடவடிக்கையை முடித்து வைப்பதாகவும், இது அவளுடைய படிப்புக்கோ வேலைக்கோ எந்த விதத்திலும் தடையாகாது என்றும் உத்தரவு எழுதினார். வெளியே வந்ததும் வெள்ளையன் குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

மற்ற ஊர்க்காரர்கள் மேல் இருந்த வழக்கும் கொஞ்ச நாள் கழித்துக் கைவிடப்பட்டது. அது வேறு கதை.

அன்று சாயங்காலமே அறிக்கை எழுத உட்கார்ந்தேன். விண்ணப்பதாரர் மேல் வழக்கு உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்று எழுதினேன். எப்போது, எந்த வயதில், எதற்காக, அவள் என்ன செய்ததாகச் சொன்னாள், டிரைவர் என்ன பார்த்தார், குழுமம் என்ன உத்தரவிட்டது என்று வரிசையாக எழுதினேன். நல்ல பெண் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. கை துறுதுறுத்தது, ஆனால் எழுதவில்லை. இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தார். ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தினார். ஒரு இடத்திலும் கேள்வி கேட்கவில்லை. என் சர்வீஸில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதைப் படிக்கிறவங்களுக்குப் புரியும்" என்றார். "புரியலைன்னா, அவ போக வேண்டிய எடம் அது இல்ல."

அவர்களுக்குப் புரிந்தது. பவித்ரா குறித்த நாளில் போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த வருஷம் நான் ஓய்வு பெற்றேன். இன்ஸ்பெக்டர் தமயந்தி பதவி உயர்வில் வேறு மாவட்டம் போனார். பவித்ராவிடமிருந்து எப்போதாவது போன் வரும். முதல் ஆறு மாதம் மொழி புரியாமல் பட்ட பாட்டையும், குதிரையிலிருந்து விழுந்ததையும், பிறகு தன் படைப்பிரிவில் ஓட்டத்தில் முதலாவதாக வந்ததையும் எல்லாம் ஒரே குரலில் சொல்வாள்.

பயிற்சி முடிகிற அணிவகுப்புக்குப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். வெள்ளையன் வாணியம்பாடிக்கே என் வீட்டைத் தேடி வந்துவிட்டார்.

"நீங்களும் வரணும் பாய். உங்களுக்கு அந்த இந்தி பாஷை வரும். எனக்கு வெளியூரு ஸ்டேஷன்ல யாராவது நிறுத்தி ஏதாவது கேட்டா பதில் சொல்லத் தெரியாது" என்றார்.

வீட்டில் பேசுகிற உருதுவை வைத்துக்கொண்டு அவர்கள் இருவரையும் அழைத்துப் போனேன். ரயிலில் ராஜம்மாள் ஜன்னலை விட்டு நகரவில்லை. வெள்ளையன் தூங்கவில்லை.

அணிவகுப்பை எழுத்தில் சொல்ல எனக்கு வராது. அத்தனை பேரும் ஒரே காலாக நடந்தார்கள். எங்கள் பெண் எது என்று மூன்று பேரும் தேடினோம், கண்டுபிடிக்க முடியவில்லை. முடிந்ததும் பெற்றோர்களைப் புல்வெளியில் போட்ட நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் அதிகாரிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். சீருடையில் ஒருவர் கடக்கும்போதெல்லாம் வெள்ளையன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். கடந்து போனதும் உட்கார்ந்தார். அடுத்தவர் வந்தார், மறுபடி எழுந்தார். "அவங்க நம்மள ஒண்ணும் கேக்க வரல, உக்காருங்க" என்று சொல்லிப் பார்த்தேன். ஜெயிலில் பழகியது. உடம்பு கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தொப்பி வைத்த ஒரு அதிகாரி எங்களை நோக்கி நேராக வந்தார். வெள்ளையன் எழுந்து, கையைக் கட்டி, தலையைக் குனிந்துகொண்டார். வந்தவர் அவருக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார்.

"அப்பா, நான்தான். உக்காருப்பா" என்றாள் பவித்ரா.

அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். கட்டியிருந்த கையை மெல்ல எடுத்தார். அவள் தோளில் இருந்த பட்டியை ஒரு விரலால் தொட்டார்.

"இரும்மா" என்றார். "இதுக்கு நிக்கலாம்."

கடைசி வரை அவர் உட்காரவில்லை.